திரும்பி வரும்போது உள்ள எடை

அன்புள்ள ஐயா,

மலைநடைக்கான பை, கூடாரம் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். இந்த ஆண்டு எனக்கு முதல்முறையாக மான் வேட்டை உரிமம் கிடைத்திருக்கிறது. நானும் மைத்துனரும் போகிறோம். வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே நடந்து ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். வீட்டில் இருக்கிற சாமான்களையெல்லாம் கட்டிப் பார்த்தேன். துப்பாக்கி சேர்க்காமலே 24 கிலோ வந்தது. எடை குறைந்த சாமான்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மிஞ்சிப் போனால் இரண்டு பொருள் புதிதாக வாங்க முடியும். எதை வாங்கட்டும், எதில் சமாளிக்கட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் மலைநடைக்காரர்களுக்கு எழுதிய யோசனைகளை வேட்டைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நடக்க மட்டும் போகிறவனின் பை நாளுக்கு நாள் இளைக்கும், சாப்பாடு தீரத் தீர. உங்கள் பை, வேட்டை பலித்தால், கடைசி நாளில்தான் கனக்கப்போகிறது. நடுத்தரமான மான் ஒன்றை எலும்பெடுத்துக் கட்டினாலே 25 கிலோ வந்துவிடும். எல்க் எனும் பெரிய மான் வகை என்றால் 80 கிலோவைத் தாண்டும், பல நடை நடக்கவேண்டும். போகும்போது எடை குறைய வேண்டும் என்பதே வரும்போது இதைச் சுமப்பதற்காகத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் முறை ஒரு கிலோவுக்கும் குறைவான ஒரு பையைப் பெருமையாக மாட்டிக்கொண்டு போனேன். போகும்போது சுமப்பதே தெரியவில்லை. திரும்பும்போது கறியை ஏற்றி அரைமணி நேரம் நடந்திருப்பேன், இடுப்புப் பட்டையின் தையல் இடப்பக்கம் பிரிந்துவிட்டது. மீதி வழி முழுக்க எடை மொத்தமும் தோளில். பையின் மேல் தப்பில்லை. 12 கிலோ சுமக்கத் தைத்த பையில் 30 கிலோவை ஏற்றியது என் புத்தி.

எனவே முதல் பணம் பைக்கு. உள்ளே நிஜமான சட்டம் (ஃபிரேம்) இருக்கவேண்டும், இடுப்புப் பட்டை எடையை வாங்கவேண்டும். வேட்டைக்கென்று செய்யும் பைகளில் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே கறியை வைத்துக் கட்ட இடம் விட்டிருப்பார்கள். எடை முதுகோடு ஒட்டி நிற்பதால் நடக்கும்போது பின்னால் இழுக்காது. இப்படிப்பட்ட பை இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். இருக்கட்டும். செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், துணி நைந்திருந்தாலும் பரவாயில்லை, சட்டமும் பட்டையும் உறுதியாக இருந்தால் போதும். வாங்கியதும் 20 லிட்டர் தண்ணீர் கேனை உள்ளே வைத்து அரைமணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். எங்கே உறுத்துகிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது பணம் பூட்ஸுக்கு. காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது பழைய கணக்கு, ஏறக்குறைய சரியும்கூட. அதற்காக ஆக லேசானதை வாங்கச் சொல்லவில்லை. காலுக்குப் பொருந்துவதை வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.

இனி சமாளிக்கும் பக்கம்.

உடையில் காசைக் கரைக்கவேண்டாம். இலைதழை அச்சிட்ட துணி என்றாலே விலை ஏறிவிடுகிறது. மானின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகள்தான் உண்டு. நமக்குக் கொளுத்துகிற ஆரஞ்சு அதற்கு மங்கலாகத் தெரியும், நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே பழுப்போ சாம்பலோ, சாதாரண ஃப்ளீஸ் (கம்பளி போன்ற செயற்கைத் துணி), கம்பளிச் சட்டை போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம்: நீலம் என்பது ஒன்று, நனைந்தால் பருத்தி காய்வதற்குள் குளிர் எலும்புக்குள் போய்விடும் என்பது இன்னொன்று. துணியின் நிறத்தைவிடக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். சட்டப்படி ஆரஞ்சு மேலாடை போடவேண்டிய இடமென்றால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது மானுக்காக அல்ல, மற்ற வேட்டைக்காரர்களுக்காக.

ஸ்லீப்பிங் பேக் இருப்பதே போதுமா என்று பார்க்க அதன் சீட்டைப் படியுங்கள். மலிவான பைகளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல சமயம் உயிர் பிழைக்கும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. ‘கம்ஃபர்ட்’ என்று சின்னதாக இருக்கும் எண்தான் உங்களுக்கு. கொஞ்சம் போதாது என்றால் புதுப் பைக்குப் பதிலாகக் கீழே இன்னொரு ஃபோம் பாய் போடுங்கள். நம் உடம்பு அழுத்தும் இடத்தில் பையின் பஞ்சு நசுங்கி வேலை செய்யாது, குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பாய்களின் காப்புத்திறனை ‘ஆர்’ எண்ணால் சொல்வார்கள், ஒன்றன்மேல் ஒன்று போட்டால் அந்த எண்களும் கூடும். மடக்கும் ஃபோம் பாய் சுமார் 400 கிராம், முள் குத்தினாலும் கவலையில்லை. பைனாகுலரை வைத்துக்கொண்டு ஒரே பாறையில் மூன்று மணி நேரம் உட்காரும்போது அது ஏன் நல்ல பொருள் என்று உங்களுக்கே புரியும்.

கூடாரத்துக்குப் பதில் தார்ப்பாயும் அதைத் தாங்க நடைக்கோல்களும் போதும், ஆனால் காற்றுக்கு அடக்கமாகக் கட்டப் பழகியிருக்கவேண்டும். கனமான பிளாஸ்டிக் குடுவை ஒன்று 180 கிராம், கடையில் தண்ணீர் வாங்கும் சாதா பாட்டில் 40 கிராம்கூட வராது. அடுப்பு, பாத்திரம், தண்ணீர் வடிகட்டி எல்லாம் இருவருக்கும் ஒன்றே போதும், மைத்துனரோடு பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். வடிகட்டியை ராத்திரி படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் உறைந்தால் நுண்குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தகர டப்பாவில் செய்யும் ஸ்பிரிட் அடுப்பு மலிவுதான், லேசும்கூட. ஆனால் காட்டுத்தீக் கட்டுப்பாடு உள்ள பருவத்தில் பல இடங்களில் அதற்குத் தடை, திருகி அணைக்கும் சின்ன கேஸ் அடுப்புக்கு அனுமதி இருக்கும். முன்பே விசாரியுங்கள்.

பிளேடு மாற்றும் கத்திகள் நூறு கிராம்கூட இருக்காது, தோலுரிக்க அருமை. எலும்பு மூட்டைப் பிரிக்க நெம்பினால் பட்டென்று ஒடியும். ஒடிந்த துண்டு கறிக்குள் போகாமல் எண்ணி எடுத்துவிடுங்கள். கறியைப் போட மெல்லிய செயற்கை இழைப் பைகள் நாலைந்து கட்டாயம், காற்றுப் புகுந்து சூடு ஆறினால்தான் கறி கெடாது. மழைச்சட்டை, தலைவிளக்கு, முதலுதவி இவற்றில் கிராம் கணக்குப் பார்க்கவேண்டாம்.

உங்கள் 24 கிலோவில் தண்ணீரும் சாப்பாடும் எவ்வளவு என்று எழுதவில்லை. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பட்டியல் போட்டு அனுப்புங்கள். மைத்துனரின் பட்டியலும் வேண்டும், இரண்டாவது அடுப்பு அவர் பையில் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.