4 நாள் மலை நடைக்கு எந்த முதுகுப்பை, எந்த ஸ்லீப்பிங் பேக்?

டிசம்பரில் உத்தரகண்டின் கேதார்காந்தா பனிச்சிகரத்துக்குப் போகிறீர்கள். வெள்ளியங்கிரிக்குக் கொண்டுபோன காலேஜ் பேகே போதுமா என்கிறீர்கள். போதாதுங்க.

வெள்ளியங்கிரி ஒரு ராத்திரிச் சமாச்சாரம். தண்ணி பாட்டிலும் மூங்கில் தடியும் இருந்தால் ஏறி இறங்கிவிடலாம். சொந்தச் சுமையை நீங்களே 4 நாள் தூக்குவதென்றால் 50–60 லிட்டர் பை வேண்டும். லிட்டரைவிட முக்கியம் முதுகு நீளம். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதற்குப் பொருந்தும் பையில்தான் இடுப்புப் பட்டை சரியாக உட்காரும். சுமையில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது அதுதான், தோள் அல்ல. வாங்கியதும் 10 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மருதமலைப் படி ஏறிப் பாருங்கள். பார்க்கிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஸ்லீப்பிங் பேக் அட்டையில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு வெப்பநிலை எண் இருக்கும்: முதலாவது சுகமாகத் தூங்கலாம் என்பது, இரண்டாவது எப்படியோ சமாளிக்கலாம் என்பது. கம்ஃபர்ட்டைப் பாருங்கள், லிமிட்டை நம்பி விடிய விடிய நடுங்கியவன் நான். டிசம்பர் பனிக்கு மைனஸ் 10 டிகிரி கம்ஃபர்ட் எடுப்பேன். இறகு அடைத்தது லேசு, நனைந்தால் சூடு போச்சு. செயற்கைப் பஞ்சு கனம், ஆனால் ஈரத்தைச் சமாளிக்கும், விலையும் குறைவு. எதுவானாலும் அடியில் மேட் கட்டாயம்: நம் எடையில் கீழ்ப்பக்கம் அமுங்கிவிடுவதால் தரைக்குளிர் நேரே ஏறும். வேர்த்த திருப்பூர் பனியனோடு உள்ளே நுழையாதீர்கள், பருத்தி லேசில் காயாது.

மலையேற்றம் நடத்தும் நிறுவனத்தின் குழுவோடு போனால் ஸ்லீப்பிங் பேக்கைப் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். கேட்டுவிட்டுக் காசைச் செலவழியுங்க.