வெயில் காலக் குழாய்த் தொல்லைகள்: மொட்டைமாடி முதல் சம்ப் வரை கேள்வி பதில்

கேள்வி (மதுரை): சார், மொட்டைமாடியில் ஓடும் பிவிசி லைன் ஒவ்வொரு மே மாதமும் எல்போ (பைப் திரும்பும் முழங்கை இணைப்பு) பக்கத்தில் விரிசல் விடுகிறது. எபாக்சி பசை அப்பினாலும் ஒரு மாதம்தான் தாங்குகிறது. வேறு வழி உண்டா?

பதில்: இழுபடுகிற இடத்தில் எந்தப் பசையும் நிற்காது. பிவிசி பகலில் நீளும், இரவில் சுருங்கும். 30 டிகிரி வித்தியாசத்துக்கு 10 மீட்டர் பைப் ஏறக்குறைய 2 செ.மீ. நகரும். கிளாம்ப்பை இறுக்கி அடித்திருந்தால் அந்த இழுப்பு முழுக்க எல்போவில் போய் விழும். போதாததற்கு வெயில் பட்டுப் பட்டு பைப்பும் மொறுமொறுப்பாகிவிடுகிறது.

லைனை வடித்துவிட்டு, எல்போவையும் இரு பக்கமும் அரை அடி பைப்பையும் வெட்டி எடுங்கள். வெட்டு நேராக இருக்கட்டும். பிசிறைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்து, பைப்பிலும் எல்போ வாய்க்குள்ளும் பிவிசி ஒட்டும் சொல்யூஷன் தடவி, செருகும்போது கால் திருப்பு திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இதைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மதிய வெயிலில் சொல்யூஷன் செருகுவதற்கு முன்பே ஆடை கட்டிவிடும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், மோட்டார் போட்டதும் கழன்று வரும். மோட்டார் லைன் என்றால் மறுநாள்தான் தண்ணீர் விட வேண்டும்.

எல்போவுக்கு இரண்டு அடிக்குள் கிளாம்ப் வேண்டாம். மற்ற கிளாம்ப்புகளில் பைப் லேசாக வழுக்க இடம் இருக்கட்டும். பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். தின்னர் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால் அது வேண்டாம். சிபிவிசி சுடுதண்ணீரைத் தாங்கும், ஆனால் நேர் வெயிலை அதுவும் தாங்காது. அதற்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை): 1000 லிட்டர் கறுப்பு டேங்க். ராத்திரி ஒன்பது மணிக்கும் குழாயில் கொதிக்கிறது. டேங்கை மாற்ற வேண்டுமா?

பதில்: சூடு டேங்கிலா, பைப்பிலா என்று முதலில் பாருங்கள். 1 இஞ்ச் பைப்பில் 10 மீட்டருக்கு 5 லிட்டர் அளவில் தண்ணீர் நிற்கும். அரை வாளி பிடித்ததும் சூடு தணிந்தால் பைப்தான் காரணம். ஏசி பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைப் போட்டு, அதன் மேல் அலுமினிய டேப் சுற்றுங்கள். டேப் இல்லாமல் விட்டால் ஃபோம் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும்.

வாளி நிறைந்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் டேங்க். மேலே ஒரு அடி இடைவெளி விட்டு ஷேட் நெட் கட்டுங்கள். பகலில் டேங்கை நிறைத்தே வையுங்கள், குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடாகும். மாலை குளிப்பதற்கு முன் சம்ப்பிலிருந்து மறுபடி ஏற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். டேங்கை மாற்றுவது கடைசி யோசனை.

கேள்வி (கோவை): டேங்க் காலியாகி, லாரித் தண்ணீர் ஏற்றினோம். சமையலறையில் வருகிறது, பாத்ரூமில் சொட்டுக்கூட இல்லை. அடைப்பா?

பதில்: ஏர் லாக். டேங்க் வற்றியபோது லைனுக்குள் காற்று புகுந்து, பைப் மேடாக ஏறி இறங்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பாத்ரூம் குழாய்களில் ஆகக் கீழே இருப்பதைத் திறந்துவிட்டு, மற்றதை மூடி, பத்து நிமிடம் பொறுங்கள். அசையவில்லை என்றால், டேங்குக்குள் அந்த லைனின் வாயில் ஹோஸை வைத்துத் துணியால் சுற்றிப் பிடித்து, மறுமுனையில் மோட்டார் தண்ணீரை விடுங்கள். புஸ்ஸென்று காற்று வெளியேறும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், டேங்க் வால்வை அடுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அரை இஞ்ச் பைப்பை டேங்கின் மேல்விளிம்பைத் தாண்டி ஒரு அடி உயர்த்தி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். பல வீடுகளில் இந்த ஏர் வென்ட்டைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கிணற்றின் மேல் 1 ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது). ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் காயில் போய்விட்டது என்கிறார்.

பதில்: சீராக ஓடுகிற மோட்டாருக்குக் காயில் கட்டத் தேவையில்லை. மேலே உள்ள மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். சில நிமிடங்களில் மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வில் (கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) குப்பை, அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது. மட்டம் நிற்கிறது, ஆனால் ஓட்டினால் நுரையும் காற்றுமாக வருகிறது என்றால், உறிஞ்சும் பைப் இணைப்பு ஏதோ காற்று வாங்குகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டி கிரீஸ் பூசி ஓட்டிப் பாருங்கள். எதில் பூசியதும் சரியாகிறதோ அதைப் பிரித்துக் கட்டுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் கிணற்று மட்டம் இறங்கிவிட்டது. மோட்டாரிலிருந்து தண்ணீர் வரை 25 அடியைத் தாண்டினால் எத்தனை ஹெச்பி போட்டாலும் மேலிருந்து இழுக்காது. மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் ஓபன்வெல் சப்மெர்சிபிளுக்கு மாற வேண்டும். அதுவரை வெறுமனே ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், சீல் கருகிவிடும்.

கேள்வி (தாம்பரம்): தெருக் குழாயில் பிரஷர் இல்லை. லைனில் நேராக மோட்டார் வைக்கலாமா அண்ணா?

பதில்: வைக்கக் கூடாது, தடை இருக்கிறது. மோட்டார் இழுக்கும்போது தெருப் பைப்பின் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். தரைமட்டத்துக்குக் கீழே சின்ன சம்ப் கட்டி, தானாக விழ விட்டு, அதிலிருந்து ஏற்றுங்கள்.

கேள்வி (திருப்பூர்): சம்ப்பில் தண்ணீர் குறைகிறது. கசிவா, செலவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ராத்திரி மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் வால்வை மூடி, மட்டத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். 8-க்கு 6 அடி சம்ப்பில் ஒரு இஞ்ச் இறங்கினால் 113 லிட்டர் போயிருக்கிறது. மூடிய சம்ப்பில் அவ்வளவு ஆவியாகாது. இறங்கி இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் ஓட்டை அந்த உயரத்தில்தான். பெரும்பாலும் பைப் சுவரைத் துளைக்கும் இடம். அதைச் சுற்றி ஒரு இஞ்ச் ஆழத்துக்குக் கொத்தி, நனைத்து, சுருங்காத கிரவுட் (சிமென்ட் கலவை) அடைத்து, ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள்.

கேள்வி (சேலம்): தோட்டத்துக் குழாய் சொட்டுகிறது. கேட் வால்வும் அசையவில்லை.

பதில்: வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். அரை இஞ்ச் வாஷர் மாற்றினால் போதும். வாஷர் உட்காரும் இடம் குழிந்திருந்தால் குழாயையே மாற்றுங்கள். டெஃப்லான் டேப் மரை ஏறும் திசையில் எட்டுச் சுற்று. கேட் வால்வை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள், தண்டு உடைந்தால் வீட்டுக்கே தண்ணீர் நிற்கும். டேங்க் வற்றும் நாளில் அதைக் கழற்றிவிட்டு பால் வால்வு போடுங்கள்.

கேள்வி (ஈரோடு): லீவுக்கு ஊருக்குப் போய் வந்தால் வீடெல்லாம் சாக்கடை நாற்றம், கரப்பான் வேறு. வெளியே சேம்பரில் அடைப்பு இல்லை.

பதில்: தரை டிராப்பில் (தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழுள்ள வளைவு) நாற்றத்தைத் தடுத்து நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுப் போனால் சீக்கிரம் ஆவியாகாது. தேங்காய் எண்ணெய் ஊற்றினாலும் சரி.