உருவான கோடு கம்பைல் ஆகவில்லை என்று புகார் கொடுப்பது எப்படி?

ஏபிஐ விவரக் கோப்பிலிருந்து கோடு எழுதித் தரும் ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் கருவி உருவாக்கிய ஜாவா கோடு கம்பைல் ஆகவில்லை, ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் போட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். படத்தை வைத்து யாரால் என்ன ஓட்டிப் பார்க்க முடியும்?

முதலில் ஒரு காலி ஃபோல்டரில் மறுபடி உருவாக்கிப் பாருங்கள். மாடலின் (தரவு வகுப்பின்) பெயரை மாற்றியிருந்தால் பழைய கோப்பு அங்கேயே கிடந்து வம்பு பண்ணும். விவரக் கோப்பைச் சரிபார்க்கும் வேலிடேட் கட்டளையையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தப்பு ஏபிஐயை விவரிக்கும் உங்கள் யாமல் கோப்பிலேயே இருக்கலாம்.

அப்படியும் பிழை போகவில்லையா? சரி, யாமலை வெட்டத் தொடங்குங்கள். ஒரு ஸ்கீமாவை (தரவின் வடிவத்தைச் சொல்லும் பகுதியை) எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பிழை அப்படியே இருந்தால் அடுத்ததை எடுங்கள். இருபது வரிக்குச் சுருங்கும்போது காரணம் பெரும்பாலும் உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும். கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஆனால் புகாரின் உயிரே அந்தத் துண்டுதான்.

அதோடு முழுக் கட்டளை வரி, பதிப்பு எண், எந்த லைப்ரரியைத் தேர்ந்தீர்கள் (ஒவ்வொன்றுக்கும் டெம்ப்ளேட், அதாவது கோடை வார்க்கும் அச்சு, மாறும்), தப்பாக வந்த வரி, வந்திருக்க வேண்டிய வரி எல்லாவற்றையும் எழுத்தாகவே ஒட்டுங்கள்.

அப்புறம், டீபக்மாடல்ஸ் (debugModels) என்ற விருப்பத்தைப் போட்டு ஓட்டினால் டெம்ப்ளேட்டுக்குப் போகும் தரவு திரையில் கொட்டும். அதிலேயே பெயர் தப்பாக இருந்தால் டெம்ப்ளேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒட்டுவதற்கு முன் அலுவலக முகவரி, டோக்கன் எதுவும் அதில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.