மோரில் போட்டால் வாழைப்பூ ஏன் கறுப்பதில்லை?

கேள்வி: என் மாமியார் வாழைப்பூவை ஆய்ந்து, கள்ளனை எடுத்துவிட்டு, மோர்த்தண்ணீரில்தான் நறுக்கிப் போடுவார். அவர் ஊருக்குப் போயிருந்த சமயம், குளிரில் நொதி வேலை செய்யாது என்று பள்ளியில் படித்ததை நம்பி, நறுக்கியதை அப்படியே டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் கன்னங்கரேல்! படித்தது தப்பா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தப்பில்லை. 'வேலை செய்யாது' என்பதை 'மெதுவாகச் செய்யும்' என்று மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பூவின் செல்லுக்குள் துவர்ப்பான பீனால்கள் ஓர் அறையிலும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனும் வந்து சேர்ந்தால் கறுக்க ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜுக்குள் இது ஆமை வேகத்தில்தான் நடக்கும், ஆனால் நீங்கள் கொடுத்தது ஒரு முழு ராத்திரி.

மாமியாரின் மோர் இரண்டு வேலை பார்க்கிறது. முங்கிக் கிடக்கும் பூவுக்குக் காற்று அதிகம் கிடைப்பதில்லை. கத்தரிக்காய்க்கு வெறும் தண்ணீர் போதும் என்பதும் இதனால்தான், அது பத்து நிமிடத்தில் அடுப்பேறிவிடுமே. அப்புறம் புளிப்பு. இந்த நொதி பொதுவாக பி.எச். 5 முதல் 7 வரை சுறுசுறுப்பாக இருக்கும், மோரோ 4.5-ஐ ஒட்டி நிற்கும். அதில் தண்ணீரை ஊற்ற ஊற்றப் புளிப்பு குறையும் என்பதால் நன்றாகப் புளித்த மோராக எடுக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு இன்னும் பலமானது, நொதிக்குள் இருக்கும் செம்பையே போய்ப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பொரியலில் புளிப்பு தூக்கலாகிவிடும், எனக்குப் பிடிக்காது.

ராத்திரியே நறுக்கி வைத்தாக வேண்டும் என்றால் சூடுதான் வழி. நொதி என்பது புரதம். முட்டை வெந்த பிறகு மறுபடி பச்சை முட்டை ஆகாது இல்லையா, அதே கதைதான். குளிரில் வைத்தால் தூங்கி எழுந்துவிடும், வெந்தால் எழுந்திருக்காது. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, வடித்து, ஆறவைத்து உள்ளே வையுங்கள். குன்னூர்ப் பக்கம் தேயிலை ஆலைகளில் இதே குடும்பத்து நொதியை வேண்டுமென்றே வேலை வாங்குகிறார்கள்: இலையை நசுக்கிப் பரப்பி, செம்பழுப்பாகும்வரை விட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். கிரீன் டீக்கு முதலிலேயே சூடு காட்டிவிடுவதால் அது பச்சையாகவே நிற்கிறது.

சரி, கறுத்த பூவைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? பருப்போடு அரைத்து வடை தட்டிவிடுங்கள், மாமியாருக்கே தெரியாது.