தொடை வழியாக இதய வால்வு பொருத்துகையில் நேரும் அரிய சிக்கல்கள் எவை?

நெஞ்சைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திப் பெருந்தமனி வால்வைப் பொருத்தும் டாவி சிகிச்சையில் அரிதாக என்ன கேடு நேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாக, தொடைச் சிரை வழியே, செய்த இச்சிகிச்சையில் பேஸ்மேக்கர் தேவைப்படுவது அரிதன்று. அரியவற்றுள் என் கணிப்பில் மிகவும் அஞ்சத்தக்கது, இதயத் தசைக்கு இரத்தம் தரும் இதயத் தமனி அடைபடுவதே. பழைய வால்வு வெட்டி எடுக்கப்படுவதில்லை. புதியது விரியும்போது, சுண்ணாம்பு படிந்த பழைய இதழ் சுவரோரம் ஒதுங்கி, தாழ்வாக அமைந்த தமனியின் வாயை மூடிவிடலாம். உடனே இரத்த அழுத்தம் சரியும். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. வால்வு வளையத்திலிருந்து தமனி வாயின் உயரம் 12 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் ஆபத்து கூடுதல் என்பதால், முன்னதாகவே சி.டி. ஸ்கேனில் அதை அளந்து, தேவையெனில் அத்தமனிக்குள் மெல்லிய கம்பியையும் ஸ்டென்டையும் ஆயத்தமாக வைக்கிறார்கள். வால்வு வளையம் கிழிதலும், பொருத்திய வால்வு நழுவுதலும் அரியவையே. முன்னதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.