பவளத்தொட்டி பக்குவப்படும் காலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் 300 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்து, உலர்ந்த பாறைகளை அடுக்கி, இரண்டு கோமாளி மீன்களையும் சில மென்பவளங்களையும் வளர்த்து வருகிறேன். முதலில் எங்கும் பழுப்புப் படலம் படர்ந்தது. பிறகு பச்சை முடி போன்ற பாசி. இப்போது மணல்மேல் செந்நிற வழுவழுப்பு. ஆவியாகும் நீருக்கு ஈடாக வீட்டுக் கிணற்றுநீரை ஊற்றுகிறேன். எல்லாவற்றையும் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: தயவுசெய்து கழுவிவிடாதீர்கள். நீங்கள் கண்டிருப்பது தொட்டியின் சீர்கேடு அன்று. வெற்றுப் பாறையில் உயிர்கள் ஒவ்வொன்றாகக் குடியேறும் வரிசை. பாறையைத் தேய்த்துக் கழுவினால் ஐந்து மாதக் குடியேற்றமும் கால்வாயில் போய்விடும்; அதே பழுப்புப் படலம் மறுபடியும் வரும்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. உங்கள் மீன்கள் நலமாயிருப்பதால் அந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஆனால் பலர் அத்துடன் தொட்டி தயாராகிவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். பாறையின் நுண்துளைகளுக்குள், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்குப் பல மாதங்கள் வேண்டும். அதுவரை சத்தும் இடமும் காலியாகக் கிடப்பதால், விரைந்து வளரக்கூடியது எதுவோ அது முந்திக்கொள்கிறது.

பழுப்புப் படலம் டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் இவ்வுயிர், நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் தானே மெலிந்துவிடும். கிணற்றுநீரை நிறுத்தச் சொல்வதற்கும் இதுவே முதற்காரணம். நம் எல்லைப்புறத்துக் கிணறுகளின் நீர் குடிக்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பாறையையும் மண்ணையும் ஊடுருவி வருவதால் சிலிக்காவும் பிற தாதுக்களும் அதில் கரைந்திருக்கும். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர் மட்டுமே என்பதால், ஒவ்வொரு குடம் ஊற்றும்போதும் அந்தத் தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். தாதுக்களை வடிகட்டி நீக்கிய ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றி, உப்படர்த்தியை (நன்னீரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட அளவு) 1.025 அளவிலும் வெப்பத்தை 25 முதல் 27 டிகிரிக்குள்ளும் மாறாமல் வைத்திருங்கள்.

பச்சைப் பாசி பாஸ்பேட்டை உண்டு வளர்வது. உலர்ந்த பாறைகள் தம்முள் பிடித்துவைத்திருக்கும் பாஸ்பேட்டை மெதுவாகக் கசியவிடுவது உண்டு. கையால் பிடுங்கி எடுங்கள். நத்தைகள் சிலவற்றை விடுங்கள். செந்நிற வழுவழுப்போ பாசியே அன்று, ஒளியைக் கொண்டு வளரும் பாக்டீரியா வகையான சயனோபாக்டீரியா. இவற்றுள் சில வகைகள் நீரில் கரைந்த நைட்ரஜனையே நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவை. ஆகவே சோதனையில் நைட்ரேட் குறைவாகத் தெரிவதை மட்டும் நம்பியிருக்க முடியாது. நீரோட்டம் தேங்குமிடத்தில்தான் இது விரியும். குழாயால் உறிஞ்சி எடுத்து, பம்பின் முகத்தைத் திருப்பி, விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்து, தீனியையும் அளவாகப் போடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் அது தாக்கக்கூடும். இன்னொரு தவறும் செய்துவிடாதீர்கள்: நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பவளங்கள் பட்டினி கிடக்கும், மேலே சொன்ன படலங்களைவிடத் தொல்லையான டைனோஃபிளாஜெலேட் என்னும் ஒருசெல் உயிர் பெருகுவதும் பெரும்பாலும் அத்தகைய சத்து வறண்ட தொட்டிகளில்தான்.

கண்ணாடியிலும் பாறையிலும் இளஞ்சிவப்பும் ஊதாவுமான கெட்டிப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். அவை சுண்ணாம்புப் பாசி. நீரின் காரத்தன்மையும் கால்சியமும் சீராக இருந்தால்தான் பரவும். அவை பரவிய இடத்தில் முடிப்பாசி வேர்கொள்வது கடினம். அந்நிறம் பாறையைப் போர்த்தும்வரை, ஓராண்டோ அதற்கு மேலோ, பொறுத்திருங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து மணலும், ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டுகளும் எடுத்துவந்து போட்டால் தொட்டி விரைவில் பக்குவப்படுமா?
– வாசகர், பாறசாலை

பதில்: இரண்டும் வேண்டாம். கடினப் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்: ஒரு பவளத்திட்டு விரிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைத் தொட்டி வளர்ப்பவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருப்பதால் அது தொட்டிக்கு உகந்ததன்று. கடையில் கிடைக்கும் சுண்ணாம்பு மணலே போதும். கடல்நீர் எடுப்பவர்கள், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் குழித்துறையாறு பெருகும் நாட்களில் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தருகே எடுக்காதிருப்பது நல்லது; உப்பும் குறைந்திருக்கும், வண்டலும் கலந்திருக்கும். விரைவு வேண்டுமென்றால், நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கையளவு பாறையும் ஒரு பிடி மணலும் கேட்டு வாங்குங்கள். அதில் வரும் உயிர்வகைகளைப் புட்டியில் விற்கும் எந்த மருந்தும் தராது.

கேள்வி: மாண்டரின் மீனை எப்போது விடலாம்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: இரவில் விளக்கை அணைத்தபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் வெண்புள்ளிகளாகக் கோபிபோடுகள் என்னும் மிகச்சிறு ஓட்டுயிர்கள் ஓடித்திரிய வேண்டும். அந்த மீன் நாள் முழுவதும் பொறுக்கித் தின்பது பெரும்பாலும் அவற்றைத்தான். நாம் போடும் தீனியைப் பெரும்பாலான மாண்டரின்கள் தொடுவதில்லை. ஓராண்டு நிறையாத சிறு தொட்டியில் அவற்றைச் சில வாரங்களில் தின்றுதீர்த்துவிட்டு, பிறகு மெலிந்து மெலிந்து இறந்துபோகும்.