பேஸ்பால் கேள்வி பதில்: கணக்கில் வராத ஆட்டக்காரர்கள்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. இந்த ஆண்டு யார் ஜெயிப்பார்கள், எந்த அணியில் பணம் கட்டலாம் என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேளுங்கள். பேர் சரியாகப் போய்ச் சேராதவர்கள் என்றால் இன்னும் நல்லது.

கே: சார், பேஸ்பால் கிரிக்கெட்டிலிருந்து பிறந்ததுதானே? (திருச்சி)

இல்லை. இரண்டும் பங்காளிகள். இங்கிலாந்தில் ஆடிய பழைய மட்டைப்பந்து ஆட்டங்களில்தான் இரண்டுக்கும் வேர். ஆனால் பேஸ்பாலை வளர்த்ததில் கிரிக்கெட்காரர்களுக்குப் பங்கு உண்டு. ஸ்கோர் அட்டையை வடிவமைத்த ஹென்றி சாட்விக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1869இல் முதல் முழுநேரத் தொழில்முறை அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட், ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா கிரிக்கெட் ஆட்டக்காரர். 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபிள்டே கண்டுபிடித்தார் என்பது 1907இல் ஒரு குழு கிளப்பிவிட்ட கதை. அந்த வருஷம் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்.

கே: மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்சமட்ட லீகில், முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன். சரி, இரண்டாவது யார்? அவரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

இப்படிக் கேட்டால் எழுதிக்கொண்டே இருப்பேன்.

முதலில் ஒரு திருத்தம். 1884இலேயே மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலிடோ அணிக்கு கேட்சராக (மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிப்பவர்) 42 ஆட்டம் ஆடினார். (ராபின்சனின் சட்டை எண்ணும் 42. தற்செயல்தான்.) இன்றைய மெத்தை கிளவ் எல்லாம் இல்லாத காலம். அவருக்குப் பந்து எறிந்த பிட்சர் டோனி முல்லேன், வாக்கர் காட்டும் சைகையைப் பார்க்கவே மாட்டார், இஷ்டத்துக்கு எறிவார். பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார். தான் பார்த்ததிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்றும் சொன்னார். என்ன பந்து வரும் என்றே தெரியாமல் பிடித்த மனிதரை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். எழுத்தில் ஒரு விதியும் கிடையாது. முதலாளிகளுக்குள் பேசி வைத்துக்கொண்டதுதான்.

ராபின்சன் புரூக்ளினுக்கு ஆடத் தொடங்கியது 1947 ஏப்ரல் 15. பதினோரு வாரம் கழித்து, ஜூலை 5 அன்று, லாரி டோபி கிளீவ்லாந்துக்கு ஆடினார். மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அவர்தான் முதல் கறுப்பர். ராபின்சனுக்கு 1946 முழுக்க மான்ட்ரியலில், கீழ்நிலை லீகில், ஆடிப் பழக ஒரு வருஷம் கிடைத்தது. டோபி 4ஆம் தேதி கறுப்பின வீரர்களின் அணியான நியூவார்க் ஈகிள்ஸுக்கு ஆடினார், 5ஆம் தேதி சிகாகோவில் மட்டையோடு நின்றார். அவ்வளவுதான் அவகாசம். அணிக்குள் சிலர் கைகொடுக்கவே இல்லை. அந்த ஆண்டு அவருடைய மட்டைச் சராசரி .156 (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 156 ஹிட் என்ற கணக்கு). அடுத்த ஆண்டு .301.

1948இல் சீசனின் பட்டத்துக்கான உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் அவர் அடித்த ஹோம் ரன்னால் கிளீவ்லாந்து 2-1 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் எடுத்த படம் ஒன்று உண்டு. டோபியும் வெள்ளைக்காரப் பிட்சர் ஸ்டீவ் குரோமெக்கும் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரிக்கிறார்கள். 1948 அமெரிக்காவில் அப்படி ஒரு படம் பத்திரிகைகளில் வந்தது சாதாரண விஷயம் இல்லை. சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் ராபின்சன் 1962இல் நுழைந்தார், டோபி 1998இல். இரண்டாவதாக வருகிறவருக்கும் வசவு அதே அளவுதான் விழுந்தது. சிலை மட்டும் தாமதம்.

கே: ஜாஷ் கிப்சனை டை காப்புக்கு மேலே வைத்தது நியாயமா? – கணக்குப்பிள்ளை

விஷயம் தெரியாதவர்களுக்கு: கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீகுகளும் மேஜர் லீக்தான் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 மே மாதம் புள்ளிவிவரங்களையும் சேர்த்தார்கள். நீக்ரோ லீக் வீரர் கிப்சனின் வாழ்நாள் மட்டைச் சராசரி .372, அதுவரை முதலிடத்தில் இருந்த காப்பின் .367ஐத் தாண்டிவிட்டது. என்னைக் கேட்டால் நியாயம்தான்.

கே: காப் 11,000 முறைக்கு மேல் மட்டை பிடித்தவர். கிப்சன் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காதே? – கணக்குப்பிள்ளை

ஏறக்குறைய அப்படித்தான். ஏன் என்றும் கேட்க வேண்டாமா? அந்த அணிகளுக்கு லீக் ஆட்டம் மட்டும் ஆடினால் சோறு கிடைக்காது. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி ஆட்டம் ஆடினார்கள். அவை கணக்கில் இல்லை. 1940, 41இல் கிப்சன் மெக்சிகோவில் ஆடினார், அதுவும் இல்லை. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்த ஆட்டங்களை எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். கிப்சன் 800 ஹோம் ரன் அடித்தார் என்று வீடியோ போடுகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். அதில் ஊர் ஆட்டங்களும் சேர்த்தி.

கே: நானும் கணக்குப்பிள்ளை பக்கம்தான். நீக்ரோ லீக் சீசன் போல 60, 70 ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் .400 சராசரி அடிக்கலாமே? (சான் ஹோசே)

2020இல் கொரோனாவால் மேஜர் லீகில் மொத்தமே 60 ஆட்டம்தான். லமேயூவுக்கும் ஹுவான் சோட்டோவுக்கும் பேட்டிங் பட்டம் கொடுத்தார்கள். அப்போது இந்தப் பக்கம் யாரும் வரவில்லையே?

கே: அது ஒரு சீசன் பட்டம், இது வாழ்நாள் சாதனை. இரண்டும் ஒன்றா? – கணக்குப்பிள்ளை

வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காப்பின் கணக்கிலும் ஓட்டை உண்டு. நாட்டின் சிறந்த பிட்சர்களில் ஒரு பகுதியினர் லீகுக்குள்ளேயே விடப்படவில்லை; அவர்களை எதிர்கொள்ளாமல் வந்ததுதான் அந்த .367. அதை 'முழுமையான சாதனை' என்று நூறு வருஷம் சொன்னபோது நமக்கு உறுத்தவில்லை. கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார், ராபின்சன் களமிறங்க மூன்று மாதம்கூட இல்லாதபோது. இதில் எனக்கு வேறு வாதம் இல்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கே: கிரிக்கெட்தானே பேஸ்பாலின் தாய்? (கோவை)

திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

கே: இந்தியர் யாராவது ஆடியிருக்கிறார்களா?

ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் இருவரை 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது. கீழ்நிலை லீகுகளோடு நின்றுவிட்டார்கள். இது கிரிக்கெட் ரிங்கு இல்லை. கேட்க வந்த மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

கே: வழக்குப் போட்ட ஆட்டக்காரர் ஒருவர் உண்டு என்றார்கள். யார் அது?

கர்ட் ஃப்ளட். செயிண்ட் லூயிஸின் சென்டர் ஃபீல்டர், ஏழு தங்கக் கையுறை விருது வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்து ஒப்பந்தப்படி ஆட்டக்காரர் ஆயுளுக்கும் கிளப்பின் உடைமை. 'நான் விற்கவும் வாங்கவும் உள்ள பொருள் இல்லை' என்ற பொருளில் கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார். ஓய்வு பெற்ற ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் வந்து சாட்சி சொன்னார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட கோர்ட்டில் வந்து உட்காரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே வருஷத்தில், வேறு இரண்டு பிட்சர்களின் புகாரில், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் மத்தியஸ்தர் ஒருவர் அந்த விதியை உடைத்தார். இன்று கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் வந்த வழி அதுதான். ஃப்ளட் இன்னும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை.

கே: லூ விட்டேக்கர்? (டெட்ராய்ட்)

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 1977 செப்டம்பர் 9 அன்று அவரும் ஆலன் டிரம்மெலும் டெட்ராய்ட் அணிக்கு ஒரே ஆட்டத்தில் அறிமுகம். 1995 வரை இரண்டாம் பேஸிலும் ஷார்ட்ஸ்டாப்பிலும் பக்கத்துப் பக்கத்திலேயே ஆடினார்கள். விட்டேக்கருக்கு 2,369 ஹிட், 244 ஹோம் ரன். ஹால் ஆஃப் ஃபேமுக்காகப் பேஸ்பால் எழுத்தாளர்கள் போட்ட 2001 வாக்கெடுப்பில் 2.9 சதவீதம் விழுந்தது. ஐந்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். டிரம்மெல் 2018இல் உள்ளே போய்விட்டார். இவர் எல்லாவற்றையும் நன்றாகச் செய்தார், எதிலும் முதலிடம் பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை ஓட்டுப் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை.

கே: கென்னி லாஃப்டனுக்கும் அதே கதிதானே? 622 பேஸ் திருடியவர் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). என்ன கோபம் அவர் மேல்?

2013இல் 3.2 சதவீதம். பாண்ட்ஸ், கிளெமென்ஸ் ஊக்கமருந்து விவகாரத்தில் எல்லோரும் மூழ்கியிருந்த வருஷம் அது. எழுத்தாளர்களின் வாக்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. கோபத்தைப் பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.